பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பும் பறவைகள்: கோடியக்கரை முதல் தனுஷ்கோடி வரை

16 மார்ச் 2025, இரவு 9:40. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கேள்வி

வலசைப் பறவை பார்க்க வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பார்த்துவிட வேண்டும். மார்ச் பாதிக்கு மேல் கோடியக்கரைக்கு வண்டியை விடுவது பெட்ரோல் தண்டம். வரும்போது கூட்டம் கூட்டமாக வருகின்றன, போவது யார் கண்ணிலும் படுவதில்லை. ‘வசந்தகால வலசை’ என்று ஒன்று நம் கடற்கரையில் நிஜமாகவே உண்டா? வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

17 மார்ச், காலை 6:10

உண்டு. பெயர்தான் இங்கே ஒட்டவில்லை. வசந்தம் என்றால் பூவும் தென்றலும் நினைவுக்கு வரும். நமக்கு அது பங்குனி வெயிலில் தொடங்கி கத்திரியில் முடிகிற சமாச்சாரம்.

பறவை இல்லை என்று தோன்றுவதற்கு முதல் காரணம் கணக்கெடுப்பு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பெயருக்கேற்றபடி ஜனவரிதான். கையில் இருக்கிற பட்டியல்களில் பெரும்பங்கு மார்கழி, தை மாதத்துடையவை. ஏப்ரல் 20க்கு மேல் யாரும் போவதில்லை. போகாத இடத்தில் பறவை இல்லை என்று எழுதிக்கொள்கிறோம்.

அடுத்தது அவசரம். தெற்கே வரும்போது ஜூலை கடைசியில் தொடங்கி நவம்பர் வரை இழுத்துக்கொண்டு வரும். வளர்ந்தவை முதலில், அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால். வடக்கே திரும்புகையில் அந்தச் சாவகாசம் கிடையாது. கோடியக்கரை வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது, சேற்றில் மேயும் சிறு கரைப்பறவையான கர்லூ உள்ளான் முட்டையிடும் தைமிர் தீபகற்பம் (ரஷ்யாவின் வடகோடி) 75 டிகிரி பக்கம். நேர்கோட்டில் 7,000 கி.மீ.க்கு மேல். அங்கே ஜூன் மாதம் பனி விலகியதும் போய் நிற்க வேண்டும். முன்னால் போனால் தின்ன ஒன்றும் இருக்காது, பின்னால் போனால் குஞ்சு பறப்பதற்குள் குளிர் வந்துவிடும்.

17 மார்ச், காலை 6:35

மேலே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. எது எப்போது போகும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அது முட்டையிடும் ஊரில் பனி எப்போது உருகும் என்று யோசித்தால் போதும், வரிசை தானாக வந்துவிடும்.

ஊசிவால் வாத்து மார்ச்சுக்குள் பெரும்பாலும் காலி. நீலச்சிறகி கொஞ்சம் தாமதித்து ஏப்ரல் பாதிவரை சில நிற்கும். பெரிய மணல் உப்புக்கொத்தி மத்திய ஆசியப் பாலைவெளிக்காரன். பிப்ரவரி கடைசியிலேயே நெஞ்சில் செம்பட்டை ஏறத் தொடங்கி முதல் ஆளாகக் கிளம்பும். சூறைக்குருவிகள் ஏப்ரல் நடுவோடு சரி. திபெத், லடாக் பக்கம் போகிற பவளக்காலியும் சிறிய மணல் உப்புக்கொத்தியும் ஏப்ரலில் குறைந்துகொண்டே வரும். ஆர்க்டிக் கூட்டம்தான் கடைசி: கொசு உள்ளான், கர்லூ உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, கல்திருப்பி. இவை ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே நடுப்பகுதிக்குள் போகும்.

அதனால் ‘மார்ச்சில் குறைந்துவிட்டது’ என்பது வாத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. உள்ளானுக்கு மார்ச் என்பது தின்று கொழுக்கிற மாதம்.

19 மார்ச், இரவு

பூநாரை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பூநாரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆர்க்டிக் போகிற பறவை இல்லை. நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் பார்த்து இடம் மாறும். கட்ச் ரண்ணில் தண்ணீர் நின்றால் அங்கே கூடு கட்டும். இளம்பறவைகள் ஆண்டு முழுக்க இங்கேயே திரியும். மே மாதம் பூநாரை நிற்பதைப் பார்த்துவிட்டு ‘வலசை தாமதம்’ என்று செய்தி போடுவது எல்லா ஆண்டும் நடக்கிறது.

23 மார்ச், காலை 11:20

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: போன ஏப்ரலில் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தாராம், கானல்தான் தெரிந்ததாம்.

பதினொரு மணிக்கு யார் போனாலும் கானல்தான் தெரியும். ஏப்ரலில் காலை எட்டரைக்கு மேல் ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கிற ஒற்றைக்கண் தொலைநோக்கி) 40 மடங்கு வைத்தால் பறவை தண்ணீருக்குள் நெளிவது மாதிரி ஆகிவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் கூடப் பெரிதாகும். 20 அல்லது 25ல் வைத்துக்கொண்டு 80 மீட்டருக்குள் வருகிற பறவைகளை மட்டும் பாருங்கள். ஸ்கோப்பைத் தரையோடு தாழ்த்தி வைத்தால் கானல் இன்னும் மோசம். நின்ற நிலையில், முடிந்தால் வண்டியின் மேல்தட்டு உயரத்தில் வையுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் இன்னொரு தொல்லை: காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது. கரையில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல். கால் நிறமும் தெரியாது, நெஞ்சு நிறமும் தெரியாது. உப்பளத்தில் அந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம். கிழக்கு வரப்புப் பக்கம் போய் மேற்கே பார்த்து நில்லுங்கள், வெயில் முதுகில் இருக்கும். மாலை நாலரைக்கு மேல் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

உப்பளங்கள் பல தனியார் இடம். வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, படகில் போய் இறங்குவது கூடாது. கரையிலிருந்து பார்ப்பதே போதுமான வேலை.

30 மார்ச், மாலை 7:05

எந்தப் பாத்தியில் பார்ப்பது என்பதற்கு உப்பளத் தொழிலாளிகளிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் பதில் கிடைக்கும். அவர்கள் நீரின் அடர்த்தியை டிகிரியில் சொல்வார்கள், போமே மானியில் பார்ப்பது. கடல்நீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற ஒவ்வொரு பாத்தியாகக் கடத்திக்கொண்டு போய் 25 டிகிரி பக்கம் வந்ததும் உப்பு இறங்கும்.

3 முதல் 6 டிகிரி வரை சிறு மீன் இருக்கும். அங்கே மீன் பிடிக்கிற கடற்பறவையான ஆலாவும் கொக்கும் நிற்கும். அதற்கு மேல் மீன் செத்துவிடும், மீன் இல்லாத நீரில் உப்புநீர் இறாலும் ஈயின் புழுவும் பெருகும். உள்ளான்களின் பந்தி அதுதான். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் தின்ன ஒன்றும் கிடையாது. அங்கே பறவை நின்றால் ஓய்வுக்கு நிற்கிறது என்று பொருள்.

ஆழத்தையும் பாருங்கள். கொசு உள்ளானுக்குக் கால் 2 செ.மீ. சொச்சம். கணுக்கால் நனைகிற அளவுக்கு மேல் நீர் ஏற்றிவிட்டால் வரப்பு ஓரம் மட்டும்தான் அதற்கு. நெடுங்கால் உள்ளானுக்கு அந்தக் கவலை இல்லை. முந்தின வாரம் நூற்றுக்கணக்கில் நின்ற பாத்தியில் இந்த வாரம் ஒன்றுகூட இல்லையென்றால், ‘கிளம்பிவிட்டன’ என்று எழுதுமுன் மடை திறந்தார்களா என்று விசாரியுங்கள். ஒரு கோடை மழை பெய்தாலும் கணக்கு தலைகீழாகும்.

31 மார்ச், காலை

வேதாரண்யத்துக்காரர் ஒருவர் பொருத்தமாக ஒன்றைச் சேர்த்தார்: பெரிய சதுப்பு சித்திரையில் வெடித்துக் காய்ந்துவிடும். அங்கிருந்த பறவைகள் உப்பளத்துக்கு ஒதுங்கும். சதுப்பை மட்டும் எண்ணுகிறவருக்குப் ‘பாதியாகக் குறைந்தது’ என்று வரும், உப்பளத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு ‘இரட்டிப்பானது’ என்று வரும். இரண்டும் ஒரே கூட்டம். ஒரே நாளில் இரண்டையும் எண்ண ஆள் இல்லையென்றால் இரண்டு எண்ணையும் கூட்டாதீர்கள், தனித்தனியாகவே எழுதுங்கள்.

5 ஏப்ரல், இரவு 10:15

எண்ணிக்கையைவிட இந்த மாதத்தில் முக்கியம் நிறம். இதை யாரும் குறித்துக்கொள்வதே இல்லை.

கர்லூ உள்ளான் ஜனவரியில் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். ஏப்ரலில் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறமாகும். புதிதாக முளைத்த சிவப்பு இறகின் நுனியில் வெள்ளை விளிம்பு இருக்கும், அதனால் முதலில் சாம்பல் தூவியது மாதிரி மங்கலாகத் தெரியும். விளிம்பு தேயத் தேய அடிச்சிவப்பு வெளியே வரும். ஆண் கூடுதல் அடர்த்தி, பெண்ணின் வயிற்றில் வெள்ளை கொஞ்சம் மிச்சமிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து வரிசையாக 50 பறவைகளை எடுங்கள். சிவப்பாக நிற்பதைத் தேடித் தேடி எடுக்கக் கூடாது, அப்படிச் செய்தால் எல்லாக் கூட்டமும் சிவப்பாகிவிடும். ஒவ்வொன்றையும் மூன்று வகையில் ஒன்றில் போடுங்கள்: முழுச் சாம்பல், பாதி, முக்காலுக்கு மேல் சிவப்பு. வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். நான்கு வாரம் எடுத்தால் படம் தெரிந்துவிடும். ‘முக்காலுக்கு மேல்’ என்கிற எண் ஏறிக்கொண்டே வந்து ஒரு வாரம் திடீரென்று விழும். அந்த விழுகிற வாரம்தான் புறப்பாடு. மொத்த எண்ணிக்கை குறையாமல் இருந்தால்கூட, சிவப்பானவை போய்ச் சாம்பலானவை வந்து நிற்கலாம்.

கூடவே வயிறு. கொழுப்பு ஏறிய பறவைக்குக் கால்களுக்குப் பின்னால், வாலின் அடியில், ஒரு புடைப்பு தெரியும். பக்கவாட்டில் நிற்கும்போது பாருங்கள். தட்டை, லேசான வளைவு, தொங்கல் என்று மூன்றாகப் பிரித்தாலே போதும். காற்றில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பவை எல்லாம் குண்டாகத்தான் தெரியும், அவற்றை விட்டுவிடுங்கள்.

6 ஏப்ரல்

‘கோட்டான் 12’ என்று பட்டியலில் பார்த்துவிட்டு மதுரைக்காரர் ஒருவர் பட்டப்பகலில் பன்னிரண்டு ஆந்தையா என்று கேட்கிறார். கடற்கரையில் கோட்டான் என்றால் வளைந்த நீண்ட அலகுக்காரன். உள்நாட்டில்தான் அது ஆந்தை. பெரிய கோட்டான், சின்னக் கோட்டான் என்று அடைமொழியோடு எழுதினால் இந்த வம்பு வராது. சின்னக் கோட்டானுக்கு உச்சந்தலையில் வெளிர்க்கோடு உண்டு, அலகு நடுவில் முறித்த மாதிரி வளையும்.

12 ஏப்ரல், மதியம்

கடலின் ஏற்றமும் வற்றமும். பாக் நீரிணைப் பக்கம் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வராது. அதனால் அலட்சியம் செய்கிறார்கள். தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் நீர் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு விரிந்துவிடும், பறவை அத்தனையும் ஸ்கோப்புக்கு எட்டாத தூரம் போய்விடும். எண்ண வேண்டுமானால் உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். நீர் ஏற ஏற அவையே நெருங்கி வந்து மேட்டில் கூடும். நீங்கள் பின்னால் போய் நின்றால் கூடுகிற மேட்டிலிருந்தே கிளப்பிவிடுவீர்கள். கொழுப்பு சேர்க்கிற மாதத்தில் ஒவ்வொரு தடவை கிளப்புவதும் அதற்கு நஷ்டம்.

நாளை பௌர்ணமி, ஏற்றம் பெரிதாக இருக்கும். சென்னைத் துறைமுக அட்டவணையை வைத்துக்கொண்டு நேரம் குறித்துக்கொள்ளலாம்.

13 ஏப்ரல், காலை 9:50

கடைசி வரியை அடித்துவிடுங்கள். தப்பு. சென்னை நேரம் பாக் நீரிணைக்கு ஒத்துவராது. நாகப்பட்டினத்துக்கு ஒன்று, பாம்பனுக்கு ஒன்று எனத் தனித்தனி அட்டவணை பார்க்க வேண்டும். அதுவும் காற்று அடங்கிய நாளில்தான் சரியாக வரும். ஆழமில்லாத கடல் அது. காற்று நீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அட்டவணையில் இருக்கிற வற்றம் தரையில் வராது.

சோழகம், கச்சான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முன்பு எங்கோ எழுதியதற்கும் திருத்தம் வந்திருக்கிறது. சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. மீனவரிடம் மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பறவைக்கு வேண்டியது சோழகம். வாடை அடங்கி, தெற்குக் காற்று நிலைத்து நின்றால் முதுகைத் தள்ளிவிட ஆள் கிடைத்த மாதிரி.

16 ஏப்ரல், இரவு

துறைமுகங்களில் கடற்காகம் எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நேற்றிலிருந்து விசைப்படகுத் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். படகு போகாவிட்டால் கழிவு மீன் இல்லை. கழிவு மீன் இல்லாவிட்டால் பழுப்புத்தலைக் கடற்காகம் துறைமுகத்தில் நிற்க வேலையில்லை. ஏப்ரல் 15ஐ ஒட்டி எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் அது வலசையா, பட்டினியா என்று பிரிக்க முடியாது. தடைக்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் துறைமுகத்தோடு நாட்டுப்படகு இறங்குகிற கரையையும் சேர்த்துப் பாருங்கள். தலையில் பழுப்பு முழுதாக ஏறியவை எத்தனை, புள்ளி மட்டும் உள்ளவை எத்தனை என்று குறியுங்கள். முழுத்தலைக்காரர்கள் கிளம்புகிறவர்கள்.

20 ஏப்ரல், காலை 7:30

சிறிய மணல் உப்புக்கொத்தி. 2023ல் இதை இரண்டு தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள்: திபெத்திய மணல் உப்புக்கொத்தி, சைபீரிய மணல் உப்புக்கொத்தி. குளிர்கால உடையில் இரண்டையும் களத்தில் பிரிப்பது வீண் முயற்சி. ஏப்ரலில்தான் வாய்ப்பு.

நெற்றியைப் பாருங்கள். திபெத்தியதில் நெற்றி முழுக்கக் கறுப்பு, முகமூடியோடு சேர்ந்துவிடும். சைபீரியதில் நெற்றியில் வெள்ளைத் திட்டு இருக்கும், நடுவில் கறுப்புக்கோடு பிரிக்கும். அடுத்து தொண்டையும் நெஞ்சும் சேருமிடம். சைபீரியதில் வெள்ளைத் தொண்டைக்குக் கீழே மெல்லிய கறுப்பு வரி ஓடும், திபெத்தியதில் அது இருக்காது. நம் கரையில் இருப்பது எல்லாம் திபெத்தியதுதான்.

பெரிய மணல் உப்புக்கொத்தியோடு குழம்புகிறவர்களுக்கு: அலகின் நீளத்தை, அலகடியிலிருந்து கண்ணின் பின் ஓரம் வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு அதைவிட நீளமானால் பெரியது. பறக்கும்போது விரல்கள் வாலுக்கு வெளியே நீட்டியிருக்கும். கால் நிறத்தைப் பெரிதாக நம்பாதீர்கள். உப்பளச் சேறு பூசிய காலுக்கு எந்த நிறமும் வரும்.

20 ஏப்ரல், இரவு 9:00

‘எல்லாம்’ என்று எழுதியிருக்கக் கூடாது. பெரும்பாலும். சைபீரியது தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம் குளிர் காய்கிற பறவை, வழி தவறி ஒன்றிரண்டு இங்கே வர முடியாது என்பதற்கில்லை. ‘எல்லாம் திபெத்தியது’ என்று முடிவு செய்துகொண்டு போனால் நெற்றியைப் பார்க்கவே மாட்டோம். நெற்றி தெரிகிற படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் இல்லாவிட்டால் பட்டியலில் இரண்டையும் சேர்த்த பழைய கூட்டுப் பெயரிலேயே போடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கொசு உள்ளானும் இப்படித்தான். ஏப்ரல் கடைசியில் கன்னமும் நெஞ்சின் இரு பக்கமும் செம்பழுப்பாகும், ஆனால் தொண்டை வெள்ளையாகவே இருக்கும். முதுகில் இரண்டு வெளிர்க்கோடுகள் பின்னால் கூடும். தொண்டையே புள்ளியில்லாமல் செம்மையாக இருந்தால் செங்கழுத்துக் கொசு உள்ளான். கூட்டத்தில் ‘வித்தியாசமாகச் சிவந்த ஒன்று’ தெரிந்ததும் ஓடிப்போய் அறிவிக்காதீர்கள். தொண்டையைப் பாருங்கள், மறுபடியும் பாருங்கள்.

24 ஏப்ரல், காலை

ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் வந்து விழுந்திருக்கிறது என்று கடலோரத்திலிருந்து ஒரு தகவல். இது இரவில் பயணிக்கிற பறவை, விளக்கொளியில் திசை தப்பிக் கண்ணாடியில் மோதும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மூடி, இருட்டான சத்தமில்லாத இடம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்ச் செத்துவிடும். சோறும் வேண்டாம், அது புழுப்பூச்சி தின்பது. தெம்பாக நிமிர்ந்து நின்றால் பொழுது சாயும்போது மரமும் புதரும் உள்ள இடத்தில், விளக்குக்குத் தூரமாக, பெட்டியைத் திறந்துவையுங்கள். தூக்கி வீசாதீர்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்க ஐந்து பேர் சுற்றி நிற்பது அடியைவிட மோசம்.

26 ஏப்ரல், மாலை 4:20

நாளை அமாவாசை. இந்த வாரமும் அடுத்த இரண்டு வாரமும் மாலைதான் பார்க்க வேண்டிய நேரம். காலையில் பறவை இருக்கிறது, மறுநாள் காலையில் இல்லை, அவ்வளவுதான் பலருக்குத் தெரியும். நடுவில் நடப்பது மாலை நாலரைக்கும் பொழுது சாய்வதற்கும் இடையில்.

அறிகுறிகள்: மேயாமல் நின்று இறகு கோதுவது, குளிப்பது. பிறகு குரல் கூடும். சும்மா நின்ற கூட்டத்தில் இருபது முப்பது பறவைகள் கத்திக்கொண்டு எழும், ஒரு சுற்று சுற்றும், சில திரும்ப இறங்கிவிடும். மீதி வட்டம் போட்டு மேலே மேலே ஏறும். அருவாள் மாதிரி வளைந்த வரிசையாகி வடக்கே போய்விடும், திரும்பி வராது. பருந்து கிளப்பிய கூட்டம் குரலில்லாமல் தாழ்வாகச் சுழன்று பத்து நிமிடத்தில் அதே பாத்தியில் இறங்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குறிக்க வேண்டியது: எழுந்த நேரம், எத்தனை, எந்தத் திசை (கைப்பேசித் திசைகாட்டி போதும், இரும்புத் தடுப்பின் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள்), எத்தனை திரும்ப இறங்கின, காற்று. கூட்டம் பெரிதானால் மூன்று படம் எடுத்து வீட்டில் திரையில் எண்ணுங்கள். கண்ணால் எண்ணுவது என்றால் பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு அந்த அளவால் அளந்துகொண்டே போக வேண்டும். பெரிய கூட்டத்தைக் குறைத்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. வரப்பு மேடு மறைக்கிற பறவைகளை யாரும் எண்ணுவதில்லை.

27 ஏப்ரல்

‘அரிவாள்’ என்று திருத்தியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அருவாள்தான்.

3 மே, காலை 8:15

காலில் கொடி (அடையாளத்துக்கு மாட்டிய நிறப் பட்டை) கட்டிய பறவை கண்டால். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறது, வெளிநாட்டுக் கொடிகளும் இங்கே வருகின்றன. எழுத்து படிக்க முடியாவிட்டாலும் நான்கு விவரம் உதவும்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு கொடியானால் எது மேலே. வலது இடது என்பது பறவையின் வலது இடது. உங்களைப் பார்த்து நிற்கும்போது மாறிவிடும், பாதிப் பிழை இதில்தான். ஆரஞ்சு வெளுத்து மஞ்சளாகும், வெள்ளை சேறேறிப் பழுப்பாகும். ‘ஆரஞ்சு அல்லது மஞ்சள்’ என்று எழுதுவது, ஊகித்து ஒன்றை எழுதுவதைவிட நல்லது. பறவை காலை இறக்கும் வரை பொறுங்கள், ஒற்றைக்காலில் நிற்கிற உள்ளானைக் கிளப்பி மற்றக் காலைப் பார்க்கிற வேலை வேண்டாம்.

7 மே, இரவு

கத்திரி தொடங்கிவிட்டது. வரப்பில் நடப்பதை நிறுத்துங்கள். இது வலசைக்கும் கூடுகட்டலுக்கும் பொதுவான மாதம். நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, நம் ஊர் உப்புக்கொத்தி எல்லாம் வெறுந்தரையில் முட்டையிட்டிருக்கும். முட்டை மண்ணின் நிறம்தான், மிதித்த பிறகுதான் தெரியும். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினாலும், சிறகொடிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலும் வந்த வழியே திரும்புங்கள். அது முட்டைமேல் நிற்பது பெரும்பாலும் சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க.

அந்த ‘நம் ஊர் உப்புக்கொத்தி’க்கும் 2023ல் தனிப் பெயர் கிடைத்தது: அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் முட்டையிடுவது, இடம் விட்டு வடக்கே போகாதது. வடக்கிலிருந்து வந்து திரும்புகிற கெண்டிஷ் உப்புக்கொத்தி இதன் ஒன்றுவிட்ட சகோதரன். ஆண் பறவையில் அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட இடம் வெள்ளையா, கறுப்புக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வெள்ளையானால் அனுமன். மே மாதம் ஜோடியாக நின்று உங்களைப் பார்த்துக் கத்தினால் பெரும்பாலும் அனுமன்தான்.

11 மே, காலை

நேற்று குளோபல் பிக் டே, உலகமெங்கும் ஒரே நாளில் பறவைப் பட்டியல் போடுகிற நாள். கடற்கரைப் பட்டியல் போட்டவர்கள் நேரத்தையும் நடந்த தூரத்தையும் சேருங்கள், ‘பார்த்தது எல்லாம் எழுதினேன்’ என்பதையும் குறியுங்கள். ஒன்றும் இல்லாத பாத்தியின் பட்டியலும் பட்டியல்தான். இந்தத் தேதிக்கு அது ஜனவரிப் பட்டியலைவிட அபூர்வம். கர்லூ உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் 2024ல் அழிவு அபாயத்தைக் காட்டும் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்புள்ளவை’ வகைக்கு ஏறிவிட்டன. குளிர்காலத்தில் இங்கே நின்றதா, கொழுப்பேற்ற இங்கே நின்றதா என்று பிரித்துச் சொல்ல இந்த மாதத்துப் பட்டியல் வேண்டும்.

ஆலாக்களை விட்டுவிடாதீர்கள். மீசை ஆலா இப்போது கரும்வயிறும் வெள்ளைக் கன்னமுமாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் உடல் முழுக்கக் கறுத்து, சிறகின் முன்பக்கமும் வாலும் வெளுத்த ஒன்று பறந்தால் வெண்சிறகு ஆலா. நீர்ப்பரப்பில் தாழ்ந்து தாழ்ந்து பூச்சி பொறுக்கும். அதிகம் தங்காது.

22 மே, மாலை

‘இன்றும் கர்லூ உள்ளான் நிற்கிறது, இதுவா புறப்பாடு?’ என்று கேள்வி கேட்டவர் படத்தோடு வந்திருக்கிறார். நல்ல படம்.

இவை போகாதவை. போன ஆண்டு பிறந்த பறவைகள் பல முதல் கோடையில் வடக்கே போவதில்லை, இங்கேயே தங்கிவிடும். படத்தில் பாருங்கள்: உடல் சாம்பல், சிவப்பு ஒன்றிரண்டு இறகு. இறக்கை நுனி வெளுத்துப் பிய்ந்திருக்கிறது. வயிறு தட்டை. புறப்படுகிற பறவைக்கு இந்த மூன்றும் எதிர்மாறாக இருக்கும். மே 20க்கு மேல் செக்கச்சிவந்து குண்டாக ஒன்று நின்றால்தான் ‘தாமதம்’ என்று எழுதலாம், அதற்கும் காலில் அடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

ஏப்ரல் 5 குறிப்பில் மூன்று வகை பிரிக்கச் சொன்னேன். அதில் ‘முழுச் சாம்பல்’ என்பதை இரண்டாக்க வேண்டும்: இறக்கை நல்ல நிலையில் உள்ள சாம்பல், பிய்ந்த சாம்பல். முதலாவது பின்னால் சிவக்கலாம், இரண்டாவது தங்குகிறவர்கள். இதை அப்போதே எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

6 ஜூன்

தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவிப்பு நேற்று வந்துவிட்டது, சுமார் 524 ஹெக்டேர். பூநாரை பெயரில் வந்தாலும் அதே சேற்றில் நிற்கிற உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் சேர்த்துத்தான். பூநாரையை இந்த இழையில் சேர்க்காதீர்கள் என்று மார்ச்சில் சொன்னவன் நான், தெரியும்.

8 ஜூன், இரவு

கடைசிக் கேள்வி: திரும்பி வருவது எப்போது தெரியும்?

ஜூலை கடைசி வாரம். ஆர்க்டிக்கிலிருந்து முதலில் கிளம்புபவை கர்லூ உள்ளானின் ஆண்கள், அடைகாக்கும் வேலை பெண்ணுடையது. இங்கேயே தங்கிய சாம்பல் பறவைகளுக்கு நடுவில் திட்டுத்திட்டாக வெளுத்த செங்கல் நிறத்தோடு ஒன்று மேய்ந்தால் அது வடக்கே போய் வந்தது. ஏப்ரலில் பார்த்த சிவப்பில் வெள்ளை விளிம்பு இருக்கும், ஜூலைச் சிவப்பில் இருக்காது, தேய்ந்திருக்கும். படம் எடுக்கும்போது நெஞ்சு இறகின் ஓரம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் எடுங்கள்.